கப்பலுக்குச் செய்த சக்கரம்

கால் மைல் தூரம். அதற்கு மேல் ஓர் அடி கூடக் கிடையாது. வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. நேரான பாதையின் ஒரு முனையில் இரண்டு கார்கள் பக்கத்துக்குப் பக்கம் நிற்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் பாய வேண்டும். 1,320 அடிக்கு அப்பால் இருக்கும் கோட்டை முதலில் தாண்டுகிறவனுக்கு வெற்றி. அமெரிக்காவில் இதை 'டிராக் ரேஸ்' என்கிறார்கள். "இதிலே என்ன இருக்கிறது? தும்மி முடிப்பதற்குள் பந்தயமே முடிந்து போகிறதே!" என்று நானும் ஒரு காலத்தில் உதட்டைப் பிதுக்கியவன்தான்.

என் அபிப்பிராயத்தை மாற்றியது பாய்ச்சல் அல்ல. பாய்ச்சலுக்கு முந்திய இரண்டு விநாடி. சலனப்படம் ஒன்றில் அதைப் பார்த்தேன். காரின் எஞ்சின் காது கிழியும்படி கர்ஜிக்கிறது. நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்றுகிறது. ஆனால் கார் நகரவில்லை. அந்தக் கார்களில் கிளட்ச் மிதியே கிடையாது என்று வேறு சொன்னார்கள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் அறுபடவும் இல்லை. பின் எப்படி ஒன்று வெறி பிடித்துச் சுழலவும் மற்றொன்று அசையாமல் நிற்கவும் முடிகிறது?

எனக்குப் பழக்கமான மோட்டார்ப் பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, "நடுவிலே எண்ணெய் இருக்கு சார், அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பெரிது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதைத் தேடிப் போனால் பந்தயப் பாதைக்குப் போகவில்லை. கடலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பொருளின் பெயர் 'டார்க் கன்வர்ட்டர்'. டார்க் என்றால் முறுக்கு விசை. ஓர் அச்சைத் திருகும் பலம். அந்தப் பலத்தை மாற்றித் தருவதால் கன்வர்ட்டர். முறுக்கு விசை மாற்றி என்று சுத்தத் தமிழில் எழுதலாம். பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் பலகாரக் கடைக்கு வழி காட்டுவார்கள். ஆகையால் கன்வர்ட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

இதைக் கண்டுபிடித்தவர் கார்களைப் பற்றி நினைக்கவே இல்லை. ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர் அவர். 1877-ல் நியூரம்பெர்க் நகரத்தில் பிறந்தவர். ம்யூனிக்கில் மின்சாரப் பொறியியல் படித்தவர். 1899-ல் பால்டிக் கடலோரம் ஸ்டெட்டின் நகரிலிருந்த வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். (ஸ்டெட்டின் இன்று போலந்து தேசத்தில் இருக்கிறது, ஷ்செச்சின் என்று பெயர்.)

அப்போது கப்பல் உலகத்தில் ஒரு புதுக் கவலை முளைத்திருந்தது. 1897-ல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காகக் கடற்படை அணிவகுத்து நின்றது. அந்த வரிசைகளுக்கு நடுவே பார்ஸன்ஸ் என்பவரின் 'டர்பீனியா' என்ற சின்னப் படகு புகுந்து ஓடியது. துரத்திய படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதன் வயிற்றில் இருந்தது நீராவி டர்பைன். அது முதல் எல்லோருக்கும் டர்பைன் ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் லாபம். கப்பலின் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் விசிறியோ நிதானமாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். அவசரப்பட்டால் தண்ணீரைக் கடைந்து நுரையாக்கிவிடும். வேகமாகச் சுற்றும் மாப்பிள்ளைக்கும் நிதானமான பெண்ணுக்கும் எப்படி முடி போடுவது? நடுவில் பற்சக்கரங்கள் வைக்கலாம். ஆயிரக்கணக்கான குதிரைச் சக்தியைத் தாங்கும் பற்சக்கரத்தை நம்பிக்கையாகச் செய்து கொடுக்க அன்று ஆள் இல்லை.

ஃபெட்டிங்கர் மின்சாரம் படித்தவர் அல்லவா? முதலில் அவர் மனம் அங்கேதான் போயிற்று. டர்பைன் ஒரு டைனமோவைச் சுற்றட்டும். அந்த மின்சாரம் ஒரு மோட்டாரை ஓட்டட்டும். மோட்டார் விசிறியைத் திருப்பட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எடையும் செலவும் பயமுறுத்தின. பிறகு மின்சாரத்துக்குப் பதில் தண்ணீரை வைத்துப் பார்த்தார். டர்பைன் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு தண்ணீரைக் குழாயில் தள்ளும். தண்ணீர் போய் வேறொரு சக்கரத்தை அடித்துத் திருப்பும். இதில் குழாயிலும் வளைவிலும் சக்தி விரயமாயிற்று. அப்போது அவர் செய்த காரியத்தைத்தான் மேதைமை என்று நான் நினைக்கிறேன். புதிதாக எதையும் சேர்க்கவில்லை, இருந்ததை எடுத்துவிட்டார். குழாயே வேண்டாம் என்றார். பம்புச் சக்கரத்தையும் வாங்கும் சக்கரத்தையும் ஒரே கூட்டுக்குள் எதிரெதிரே மூக்கோடு மூக்கு வைத்து, இடையில் அசையாத தகடுகளை நிறுத்தி, கூடு முழுவதும் தண்ணீரை நிரப்பினார். 1905-ல் ஜெர்மன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அசையாத தகடு எதற்கு என்ற கேள்வியில்தான் எல்லா ரகசியமும் இருக்கிறது. இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். காற்றுப் பட்டு மற்றதும் சுற்றும். ஆனால் முதல் விசிறி கொடுக்கிற பலத்துக்கு மேல் இரண்டாவதுக்கு ஒரு குன்றிமணி கூட அதிகம் கிடைக்காது. இரண்டு சக்கரங்கள் மட்டும் உள்ள கூட்டுக்கு 'திரவ இணைப்பு' என்று பெயர். அதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாங்கும் சக்கரத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பி வரும் திரவம் தாறுமாறான திசையில் வந்து பம்பின் மேலேயே மோதும். உழைத்துக் களைத்து வீட்டுக்கு வருகிறவன் வாசலில் நிற்பவரிடம் எரிந்து விழுவது போல. மூன்றாவதாக நிற்கும் தகடுகள் அந்தத் திரவத்தைப் பிடித்துத் திசை திருப்பி, பம்பு சுற்றும் பக்கமாகவே அனுப்புகின்றன. கிணற்றில் நீந்துகிறவன் சுவரை உதைத்துக்கொண்டு பாய்கிறானே, அதைப் போலத் திரவத்துக்கு உதைக்க ஒரு சுவர் கிடைக்கிறது. பலன், வாங்கும் சக்கரம் நின்றுகொண்டோ மெதுவாகவோ இருக்கும்போது, கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ முறுக்கு விசை அதற்குக் கிடைக்கிறது. சக்தி ஒன்றும் ஆகாயத்திலிருந்து கொட்டிவிடவில்லை. வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறது. கடப்பாரையால் பாறையை நெம்புகிற அதே வியாபாரம்தான்.

அந்தக் கூட்டை வைத்துக் கட்டிய கப்பல்களில் ஒன்றின் கதை ஒரு நாவலுக்கு ஆகும். 'கோனிகின் லூயிஸ்' என்று பெயர். லூயிஸ் ராணி என்று அர்த்தம். 1913-ல் ஸ்டெட்டினில் கட்டினார்கள். விடுமுறைக்காரர்களைக் கடற்கரைத் தீவுகளுக்கு ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. லூயிஸ் ராணிக்கு இங்கிலாந்து ரயில்வே கம்பெனிக் கப்பல்களின் வர்ணத்தைப் பூசி, வயிற்றில் கண்ணிவெடிகளை ஏற்றி, தேம்ஸ் நதி முகத்துவாரத்துப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். யுத்தம் அறிவித்த மறுநாள், 1914 ஆகஸ்ட் 5-ந் தேதி, பிரிட்டிஷ் கப்பல்கள் அவளைக் கண்டுபிடித்துத் துரத்தின. 'லான்ஸ்' என்ற நாசகாரிக் கப்பல் சுட்ட குண்டுதான் அந்த மகா யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் குண்டு. அந்தப் பீரங்கி இன்றும் லண்டனில் யுத்தக் காட்சிசாலையில் இருக்கிறது. லூயிஸ் ராணி மூழ்கினாள். தப்பிய ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷார் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றினார்கள். மறுநாள் காலை, அவர்களில் பலரை ஏற்றி வந்த 'ஆம்பியன்' என்ற கப்பல், லூயிஸ் ராணி விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடி மேலேயே ஏறியது. பிரிட்டிஷ் மாலுமிகள் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். தாங்கள் வைத்த வெடியிலேயே கைதிகளிலும் சிலர் இறந்தார்கள்.

ஃபெட்டிங்கரின் கூட்டைக் கடல் கைவிட்டதற்கு யுத்தம் காரணம் அல்ல. பற்சக்கரம் செய்கிறவர்கள் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். தண்ணீர்க் கூட்டைவிடக் குறைந்த விரயத்தில் பெரிய பற்சக்கரங்கள் வந்துவிட்டன. கப்பலுக்காகப் பிறந்த பொருளுக்குக் கப்பலில் வேலை போயிற்று. அவர் டான்ஸிக்கிலும் பிறகு பெர்லினிலும் பேராசிரியராக இருந்து, 1945 ஏப்ரல் கடைசியில், சோவியத் பீரங்கிகள் பெர்லினைச் சூழ்ந்து முழங்கிய நாட்களில், அந்த நகரத்திலேயே மாண்டார். அவர் கூடு அதற்குள் வேறு ஊர்களில் பிழைக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஹரால்ட் ஸின்க்ளேர் என்பவர் லண்டன் பஸ்கள் கிளம்பும்போதெல்லாம் உலுக்கி எடுப்பதைப் பார்த்து, திரவ இணைப்பைப் பஸ்ஸில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1930-ல் டெய்ம்லர் கார்களில் அது வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த லிஸ்ஹோல்ம் அமைத்த கன்வர்ட்டரை 1930-களில் லேலண்ட் பஸ்களில் வைத்தார்கள். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 'ஹைட்ரமாடிக்' என்ற தானியங்கிக் கியர்ப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது கன்வர்ட்டர் அல்ல, திரவ இணைப்புத்தான். பலத்தைப் பெருக்க நான்கு கியர்கள் இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் அதே பெட்டி அமெரிக்க டாங்கிகளுக்குள் போயிற்று. யுத்தத்தில் காலை இழந்து திரும்பிய சிப்பாய்களுக்கு, கிளட்ச் மிதி இல்லாத அந்தக் கார்கள் மறுபடியும் தெருவைத் திறந்துவிட்டன. 1948-ல் ப்யூக் கம்பெனியின் 'டைனாஃப்ளோ'வில் அசல் டார்க் கன்வர்ட்டரே குடும்பக் காருக்கு வந்தது. 1950-ல் செவ்ரொலேயின் 'பவர்கிளைட்'. இதன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் கலிபோர்னியா வாலிபர்கள் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். தெருக்களில் ஓட்டிப் போலீஸாரிடம் அகப்பட்டார்கள். 1950-ல் ஸான்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் ஒழுங்காகப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் 'நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்' என்ற சங்கத்தை அமைத்தார். 1955-ல் கன்ஸாஸ் மாகாணத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில் முதல் தேசியப் போட்டி.

அந்தப் பையன்களுக்குத் தானியங்கிப் பெட்டி என்றாலே இளக்காரம். 'ஸ்லஷ் பாக்ஸ்', அதாவது சேற்றுப் பெட்டி என்று ஏசினார்கள். கிளட்ச்சை மிதித்து, கியரைத் தட்டி ஓட்டுகிறவனே ஆண்பிள்ளை. எண்ணெயை நடுவில் விட்டுக் குழப்புவது வயோதிகர்களுக்கும் பெண்களுக்கும் என்பது அவர்கள் கட்சி. அந்த ஏளனத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பகால டைனாஃப்ளோவை மிதித்தால் சத்தம் முதலில் வரும், கார் சாவகாசமாகப் பின்னால் வரும்.

ஆனால் கிளட்ச்சின் விலையும் லேசானது அல்ல. அசுர எஞ்சினுக்குப் பின்னால் பதறும் கால் ஒன்று அரை நொடி தவறினால் சக்கரம் புகைந்து கார் நின்ற இடத்திலேயே வழுக்கும். அல்லது கியர் விழாமல் எஞ்சின் வெறி கொண்டு சிதறும். கிளட்ச்சும் சுழல் சக்கரமும் வெடித்தால் துண்டுகள் குண்டுகள் மாதிரி தெறிக்கும். ஓட்டுகிறவனின் கால்கள் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். அதனால்தான் அதைச் சுற்றி எஃகுக் கவசம் வேண்டும் என்று விதி செய்தார்கள். 1970 மார்ச்சில் கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்ற மகா சூரரின் வண்டியில் இரண்டு கியர்ப் பெட்டி வெடித்து, வண்டி இரண்டாகப் பிளந்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அது கன்வர்ட்டர் இல்லாத வண்டி. எஞ்சினையும் பெட்டியையும் ஓட்டுகிறவனுக்கு முன்னால் வைப்பதே தப்பு என்று ஆஸ்பத்திரியிலிருந்து தீர்மானித்து, மறு வருஷமே எஞ்சினைப் பின்னால் வைத்த வண்டியோடு வந்து அவர் ஜயித்தது தனிக் கதை.

ஏளனத்தை முதலில் அசைத்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். பி அண்ட் எம் என்ற பட்டறை 1950-களிலேயே ஹைட்ரமாடிக் பெட்டியைப் பந்தயத்துக்கென்று பலப்படுத்தி விற்றது. சக்திமிக்க வில்லிஸ் கார்கள் அந்தப் பெட்டியோடு வந்து கிளட்ச்காரர்களைத் தோற்கடித்தன. அடுத்து 1962-ல் கிரைஸ்லர் கம்பெனி, 413 கன அங்குல எஞ்சினுக்குப் பின்னால் 'டார்க்ஃப்ளைட்' என்ற மூன்று கியர்த் தானியங்கிப் பெட்டியை வைத்து ப்ளிமத், டாட்ஜ் கார்களைப் பந்தயத்துக்கு விட்டது. அதில் இருந்தது அசல் கன்வர்ட்டர். கியர் மாற்றக் கைப்பிடி கூட இல்லை. பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அந்தக் கம்பெனி எஞ்சினீயர்களே 'ராம்சார்ஜர்ஸ்' என்று ஒரு குழு அமைத்து ஓய்வு நேரத்தில் பந்தயம் ஓடினார்கள். பொத்தான் அழுத்துகிறவனிடம் தோற்றுப் போன வீரர்களின் முகங்களை நினைத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு சேற்றுப் பெட்டி என்ற வார்த்தை கொஞ்சம் சுருதி இறங்கிற்று.

இனி வருவதுதான் விஷயத்தின் மையம். கன்வர்ட்டர் நல்லது என்று தெரிந்த பிறகு, எந்தக் கன்வர்ட்டர்?

கார் நிற்கும்போது, அதாவது வாங்கும் சக்கரம் அசையாமல் பிடிபட்டிருக்கும்போது, எஞ்சின் முழு மூச்சோடு முட்டினாலும் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போக முடியாது. எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்த எண்ணிக்கைக்கு 'ஸ்டால் வேகம்' என்று பெயர். வீட்டுக் காரில் அது நிமிஷத்துக்கு 2,000 சுற்று அளவில் இருக்கும். பந்தய எஞ்சினுக்கு 2,000 சுற்றில் பலமே கிடையாது. அதன் உச்ச முறுக்கு விசை 4,000-க்கு மேலே எங்கேயோ இருக்கும். 2,000-ல் பிடிக்கும் கன்வர்ட்டரோடு அதைப் பாயச் சொன்னால், தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடச் சொன்ன மாதிரி திணறும். எஞ்சினின் பலம் எங்கே உச்சம் கொள்கிறதோ அதை ஒட்டி, அல்லது சில நூறு சுற்று மேலே, ஸ்டால் வேகம் இருக்க வேண்டும். பார்க்க எளிய விதி. பெரும்பாலான பணம் விரயமாவது இந்த எளிய விதியில்தான்.

கன்வர்ட்டரைச் சின்னதாக்கினால் ஸ்டால் வேகம் ஏறும் என்பதைப் பந்தயக்காரர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். 1970-ல் செவ்ரொலே கம்பெனி வேகா என்ற சின்னக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சிறிய கன்வர்ட்டரைக் கழற்றிப் பெரிய எஞ்சினுக்குப் பின்னால் மாட்டுவது பட்டறை வித்தையாயிற்று. சாஸ்திரம் இதற்கு ஒரு கடுமையான கணக்கு வைத்திருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு கன்வர்ட்டர்களில், ஒரே வேகத்தில், தாங்கும் முறுக்கு விசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்குப்படி மாறும். எனக்கும் கணக்குக்கும் ஜன்மப் பகை. ஆனாலும் இதைப் போட்டுப் பார்த்தேன். 12 அங்குலத்தை 10 அங்குலமாக்கினால் தாங்கும் பலம் நூற்றுக்கு நாற்பதாகக் குறைகிறது. அதே எஞ்சினுக்குப் பின்னால் 2,000 சுற்றில் பிடித்தது இப்போது சுமார் 3,150-ல் பிடிக்கும். 8 அங்குலமானால் ஏறக்குறைய 5,500. இரண்டே அங்குலம் குறைத்தால் காரின் குணமே மாறிவிடுகிறது. விட்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. உள்ளிருக்கும் தகடுகளின் சாய்வை மாற்றியும் ஸ்டால் வேகத்தை ஏற்றலாம், இறக்கலாம்.

அதே கணக்கில் இன்னொரு உண்மை ஒளிந்திருக்கிறது. ஸ்டால் வேகம் கன்வர்ட்டரின் சொந்தச் சொத்து அல்ல. அதே கன்வர்ட்டர் பலசாலி எஞ்சினுக்குப் பின்னால் அதிகச் சுற்றிலும், நோஞ்சான் எஞ்சினுக்குப் பின்னால் குறைந்த சுற்றிலும் பிடிக்கும். ஆகவே, '3,500 சுற்றுக் கன்வர்ட்டர்' என்று விலைப் பட்டியலில் போட்டிருந்தால், யாருடைய எஞ்சினுக்குப் பின்னால் என்று கேட்க வேண்டும்.

கன்வர்ட்டரைச் செய்து கொடுக்கிறவன் அதனால்தான் ஜாதகம் கேட்கிற மாதிரி கேட்கிறான்: எஞ்சினின் முறுக்கு விசை எவ்வளவு, எத்தனை சுற்றில் உச்சம், ஓட்டுகிறவனையும் சேர்த்துக் கார் என்ன எடை, பின் அச்சின் பற்சக்கர விகிதம் என்ன, டயர் எத்தனை உயரம், இரண்டு கியரா மூன்று கியரா. இங்கேதான் மனித சுபாவம் குறுக்கே வருகிறது. தன் எஞ்சினுக்கு 400 குதிரைச் சக்தி இருந்தால் 500 என்று சொல்லத் தோன்றாத மனிதன் உண்டா? பெண் பார்க்கப் போன இடத்தில் பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிற மாதிரி சொல்லிவிடுகிறான். செய்கிறவன் அதை நம்பி, 500 குதிரைகளை அடக்கும்படி இறுக்கமாகச் செய்து அனுப்புகிறான். வந்து மாட்டினால் உண்மையான 400 குதிரைகள் அந்த இறுக்கத்தில் சிக்கி, வேண்டிய சுற்றுக்கு ஏற முடியாமல் முனகுகின்றன. வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பண்டம். கழற்றி மாட்ட ஒரு நாள். சீஸனில் பாதி போயிற்று. அவன் கன்வர்ட்டர் செய்தவனைத் திட்டுகிறான்.

எதிர்ப் பக்கத்து முட்டாள்தனமும் உண்டு. 4,000 நல்லது என்றால் 5,500 இன்னும் நல்லதுதானே என்று பெருமைக்காகப் பெரிய எண்ணை வாங்குகிறவர்கள். அவர்கள் கார் கிளம்பும்போது சத்தம் பிரமாதமாக இருக்கும். கோட்டை நெருங்கும்போதும் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் கியரிலிருந்து கடைசிக் கியருக்கு வந்துவிட்ட பிறகு, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 110 மைல் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சு விகிதம் 4.10, டயர் உயரம் 28 அங்குலம். வேகத்தை விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால், எண்ணெய் வழுக்காத பட்சத்தில் எஞ்சின் 5,412 சுற்று சுற்றியிருக்க வேண்டும். மானி 5,750 காட்டினால் வழுக்கல் நூற்றுக்கு ஆறு, பாதகமில்லை. 6,300 காட்டினால் நூற்றுக்குப் பதினான்கு. அவ்வளவு சக்தியும் எண்ணெயைச் சூடாக்கப் போய்விட்டது என்று அர்த்தம்.

சூடு என்றேன். அது சாதாரணச் சூடு அல்ல. நிற்கும் காரில் 300 குதிரைச் சக்தியை முட்டவிட்டால் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் வெந்நீர்க் கொதிகலன்கள் நூற்றுக்கு மேல் ஒரே பானையில் வேலை செய்வதற்குச் சமம். சில விநாடிகளுக்கு மேல் பிடித்தால் எண்ணெய் கருகிப் போகும். உள்ளே ஏறும் அழுத்தத்தில் கன்வர்ட்டரின் கூடே பலூன் மாதிரி உப்பி, முன்னாலும் பின்னாலும் உள்ள தாங்கிகளை நசுக்கிவிடுவதும் உண்டு. அதனால் பந்தயக் கன்வர்ட்டருக்குத் தடித்த தகடு வைத்து உப்பாமல் கட்டுகிறார்கள். உள்ளே தகடுகளை வெறுமனே மடக்கிச் செருகாமல் உலையில் வைத்துப் பற்றவைக்கிறார்கள்.

நான் சலனப்படத்தில் பார்த்த அந்த இரண்டு விநாடிக்கு வருகிறேன். முன்பெல்லாம் இடது காலால் பிரேக்கை மிதித்து, வலது காலால் எஞ்சினை ஏற்றுவார்கள். கன்வர்ட்டர் பலத்தை இரண்டு மடங்காக்கிப் பின் சக்கரத்தில் தள்ளும். ஒரு கட்டத்தில் பிரேக் தோற்றுவிடும். கார் ஓர் அங்குலம் நழுவினால் போதும், சிவப்பு விளக்கு, பந்தயம் போச்சு. (கொடி அசைத்துப் பந்தயத்தைத் தொடங்கும் பழக்கம் போய், விளக்குக் கம்பம் வந்தது 1963-ல்.) பின்னாளில் ஒரு சாமர்த்தியசாலி உபாயம் வந்தது. பெட்டிக்குள் முதல் கியரையும் பின்னோக்கிச் செல்லும் கியரையும் ஒரே சமயத்தில் பிடிக்க வைத்துவிடுவது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இரண்டு மாமியார்களுக்கு நடுவில் அகப்பட்ட மருமகள் நிலை. ஓட்டுகிறவன் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு எஞ்சினை முழுதும் திறந்து, கன்வர்ட்டரின் உச்சத்துக்கே ஏற்றி நிறுத்துகிறான். பொத்தானை விட்டதும் பின் கியர் விடுபடுகிறது. கார் இருந்த இடத்தில் இல்லை. கர்ஜித்துக்கொண்டே அசையாமல் நின்றதன் மர்மம் இதுதான்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பவர்கிளைட் என்ன ஆயிற்று? இரண்டே கியர். மூன்று கியர்ப் பெட்டிகள் மலிந்த பிறகு 1973-ஓடு அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் செத்துப் போனது பந்தயப் பாதையில் பிழைத்துக்கொண்டது. லேசானது, உள்ளே சுற்றும் பாரம் குறைவு, உடைவதும் குறைவு. முதல் கியர் விகிதம் 1.76 மட்டுமே என்றாலும், கிளம்பும் கணத்தில் கன்வர்ட்டர் அதை இரண்டால் பெருக்கி மூன்றரையாக்கிவிடுகிறது. இல்லாத கியருக்கு எண்ணெய் பதிலாள் வேலை பார்க்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கைகழுவிய அந்தப் பெட்டியின் கூடு முதல் திருகாணி வரை இன்று பந்தயச் சாமான் செய்கிறவர்கள் புதிதாக வார்த்து விற்கிறார்கள். பத்தாயிரம் குதிரைச் சக்திக்கு மேல் காட்டும் உச்ச வகுப்பு வண்டிகள் மட்டும் பல தட்டுக் கிளட்ச்சை விடவில்லை. மற்ற வகுப்புகளில் சனி, ஞாயிறுகளில் சொந்தப் பணத்தைப் போட்டு ஓடுகிற சாதாரண மனிதர்களிடம் கன்வர்ட்டர்தான் ராஜா. ஒவ்வோர் ஓட்டமும் முந்திய ஓட்டத்தைப் போலவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் பந்தயம். எண்ணெய்க்குக் கால் நடுக்கம் கிடையாது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு மறுபடி பட்டறைக்குப் போனேன். ஸ்டெட்டின், ஃபெட்டிங்கர், மூழ்கிய லூயிஸ் ராணி, எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒரு கியர்ப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கப்பல் மூழ்கியதற்கும் அசையவில்லை, பெர்லினுக்கும் அசையவில்லை. ஒரே ஓர் இடத்தில் கையை நிறுத்தினார்.

"அந்தக் கப்பல்லே கூட்டுக்குள்ளே எண்ணெய் இல்லே, தண்ணின்னா சொன்னீங்க?"

"ஆமாம், தண்ணீர்தான்."

"தண்ணியா! துரு ஏறியிருக்குமே சார்" என்றார்.